அமெரிக்காவில் விமான நிலையத்துக்கு அருகே சிறிய ட்ரோன்: 250 கிராமுக்குக் குறைந்தால் வான்வெளி அனுமதி வேண்டாமா?

முல்லைக்கொடி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். என் மகனுக்கு 14 வயதாகிறது. கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அவனுடைய சித்தப்பா, ஒரு சிறிய ட்ரோனை அவனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டியின் மேல் 249 கிராம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் நகராட்சிப் பூங்கா ஒன்று இருக்கிறது. பந்து விளையாடும் பரந்த புல்வெளி, மின்கம்பிகள் எதுவும் இல்லை, பறக்கவிடுவதற்கு நல்ல இடம். ஆனால் அந்தப் பூங்கா விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் மூன்று மைல்கூட இல்லை. தரையிறங்கும் விமானங்கள் பூங்காவுக்குக் கிழக்கே, அவற்றின் சக்கரங்கள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குத் தாழ்வாகக் கடந்து போகின்றன.

நான் விசாரித்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கு எந்த விதியும் கிடையாது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஐந்து மைலுக்குள் பறக்கவிடுவதென்றால் விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டால் போதும் என்கிறார் மகனுடைய நண்பனின் அப்பா. பறக்கக் கூடாத இடமாக இருந்தால் ட்ரோனே மேலெழும்பாது, எழும்பிவிட்டால் கவலைப்பட வேண்டாம் என்று கடையில் ஒருவர் சொன்னார்.

நானே ஒரு செயலியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். பூங்கா விழும் கட்டத்தில் 100 என்று இருக்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள கட்டத்தில் 50. அதற்கும் அப்பால் 0. நூறு அடிவரை பறக்கவிடலாம் என்று ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருளா, அல்லது இனிமேல்தான் கேட்க வேண்டுமா? தெளிவாகத் தெரியும்வரை பறக்கவிட வேண்டாம் என்று ட்ரோனை அலமாரியின் மேல் தட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். அவன் தினமும் மாலையில் கேட்டுக்கொண்டிருக்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உயரமானி எழுதுகிறார்:

வணக்கம், சகோதரி. உங்களிடம் சொல்லப்பட்ட மூன்றில் ஒன்றுகூட இன்றைய நிலையில் சரியில்லை. ஆனால் மூன்றும் எங்கிருந்தோ வந்தவைதாம். அவை எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் குழப்பம் தீரும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எடை. 250 கிராம் என்ற எல்லை, அமெரிக்க விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.விடம் ட்ரோனைப் பதிவு செய்வதற்கும், ட்ரோன் தன் அடையாளத்தை ஒலிபரப்பும் ரிமோட் ஐடி வசதிக்கும் உரியது. வான்வெளி அனுமதிக்கும் எடைக்கும் தொடர்பே இல்லை. பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடுபவர்களுக்கான விதிகள், அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 49ஆம் தலைப்பில் 44809ஆம் பிரிவில் இருக்கின்றன. விமான நிலையங்களைச் சுற்றிக் கட்டுப்படுத்தப்பட்ட பி, சி, டி வகுப்பு வான்வெளிகளிலும், விமான நிலையத்துக்காகத் தரையிலிருந்தே தொடங்குமாறு வகுக்கப்பட்ட ஈ வகுப்பு வான்வெளியிலும் பறக்கவிடும் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது அப்பிரிவின் நிபந்தனை. அந்த நிபந்தனையில் கிராம் கணக்கு எதுவும் இல்லை. உங்கள் மகனின் ட்ரோனும் இரண்டு கிலோ ட்ரோனும் அங்கே ஒன்றுதான்.

கோபுரத்துக்குத் தொலைபேசி செய்வது பழைய வழக்கம். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விமான நிலையத்திலிருந்து ஐந்து மைலுக்குள் மாதிரி விமானம் பறக்கவிடுபவர்கள் நிலைய நிர்வாகத்துக்கும் கோபுரத்துக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டியிருந்தது. 2018 அக்டோபரில் வந்த புதிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அதற்குப் பதிலான ஏற்பாடு நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மே மாதம் முதல் ஜூலை வரை, கட்டுப்படுத்தப்பட்ட வான்வெளியில் ஏற்கெனவே ஒப்புதல் பெற்ற சில நிரந்தரத் திடல்களைத் தவிர வேறெங்கும் நாங்கள் பறக்கவிட முடியவில்லை; வார இறுதிகளில் நாற்பது நிமிடம் காரோட்டி அப்படிப்பட்ட ஒரு திடலுக்குப் போய்வந்தேன். ஜூலையில்தான் லான்ஸ் என்ற மின்னணு அனுமதி முறையைப் பொழுதுபோக்காளர்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஐந்து மைல் கணக்கைச் சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் இணையத்தில் கிடப்பதால், நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள்கூட அதையே திரும்பச் சொல்கிறார்கள். இப்போது கோபுரத்துக்குத் தொலைபேசி செய்தால் அனுமதி கிடைக்காது. அவர்கள் வேலைக்குத்தான் இடையூறு.

மூன்றாவது, ட்ரோன் தானாகவே மறுத்துவிடும் என்ற நம்பிக்கை. இதுதான் மூன்றிலும் ஆபத்தானது. டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ட்ரோன்கள் பல ஆண்டுகளாக விமான நிலையங்களைச் சுற்றி மேலெழும்ப மறுத்துவந்தது உண்மை. 2025 ஜனவரியில் அந்நிறுவனம் அமெரிக்காவில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டும்படி மாற்றிவிட்டது. எச்சரிக்கையை ஏற்றுக்கொண்டதாக ஒரு பொத்தானை அழுத்தினால் ட்ரோன் எழும்பிவிடும். தடை இருந்த காலத்திலும் அது உற்பத்தியாளரின் சொந்த ஏற்பாடே தவிர அரசின் அனுமதியாக ஒருநாளும் இருந்ததில்லை.

இனி உங்கள் வரைபடத்துக்கு வருகிறேன். கட்டங்களில் உள்ள எண்கள் அனுமதி அல்ல. அந்தக் கட்டத்தில் தரையிலிருந்து எத்தனை அடி உயரம்வரை உடனடியாக ஒப்புதல் தரலாம் என்று எஃப்.ஏ.ஏ. முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் உச்சவரம்பு அது. எஃப்.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட ஏதேனும் ஒரு நிறுவனத்தின் செயலி வழியாக நீங்கள் லான்ஸ் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். பறக்கவிடும் இடத்தை வட்டமாக வரைந்து, நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், உயரம் ஆகியவற்றைக் குறித்து, பொழுதுபோக்கு என்ற வகையைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், உச்சவரம்புக்குள் இருக்கும் விண்ணப்பத்துக்குப் பெரும்பாலும் சில விநாடிகளில் பதில் வந்துவிடும். கட்டணம் இல்லை. 100க்கு மேல் கேட்டாலோ 0 என்ற கட்டத்தில் கேட்டாலோ பொழுதுபோக்காளருக்கு இந்த வழியில் ஒப்புதல் கிடைக்காது. அதைக் கூடுதல் பரிசீலனைக்கு அனுப்பும் வசதி, பொழுதுபோக்கல்லாத பறப்புகளுக்கான பகுதி 107 உரிமம் உள்ளவர்களுக்கு மட்டுமே. வட்டம் வரையும்போது அது கிழக்குக் கட்டத்துக்குள் ஒரு துளிகூடப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். போனால் இரண்டில் குறைந்த எண்ணான 50 அடிதான் உங்களுக்கு வரம்பாகும்.

உயரம் பற்றி ஒரு விஷயம் கட்டாயம் சொல்ல வேண்டும். ரிமோட்டின் திரையில் தெரியும் உயரம் ட்ரோன் கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. மேட்டில் நின்று பள்ளத்தை நோக்கிப் பறக்கவிட்டால், திரையில் 90 அடி என்று காட்டும்போதே கீழுள்ள தரையிலிருந்து அது 130 அடியில் இருக்கலாம். செயலியின் அமைப்புகளில் உச்ச உயரத்தை 30 மீட்டர் என்று வையுங்கள். அது 100 அடிக்குச் சற்றுக் குறைவு. அதோடு, ரிமோட்டுடன் தொடர்பு அறுந்தால் ட்ரோன் கிளம்பிய இடத்துக்குத் தானே திரும்பி வரும் உயரம் என்று தனியாக ஓர் அமைப்பு இருக்கும், அதையும் பாருங்கள். நான் ஒருமுறை 150 அடிக்கு அனுமதி பெற்றுப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தபோது, மரவரிசைக்குப் பின்னால் போன ட்ரோனுடன் தொடர்பு அறுந்தது. முந்தைய வாரம் உயர்ந்த மரங்கள் சூழ்ந்த வேறோர் இடத்துக்காக நான் வைத்த 60 மீட்டர் அப்படியே இருந்ததால், அது என் கண்முன்னாலேயே அனுமதிக்கப்பட்ட உயரத்தைத் தாண்டி நேராக மேலே ஏறியது. தொடர்பு திரும்பி அதைக் கீழே கொண்டுவர ஏறக்குறைய இருபது விநாடிகள் ஆயின. விமானம் எதுவும் வரவில்லை. ஆனால் அந்த இருபது விநாடிகளும் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் விசிறி சுழலும் முன் இந்த இரண்டு எண்களையும் வாய்விட்டுப் படிக்கிறேன்.

அனுமதி கிடைத்துவிட்டால் வானத்தில் உங்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்று பொருளல்ல. கட்டுப்பாட்டாளர்கள் உங்கள் ட்ரோனைப் பார்த்து விமானங்களை விலக்கிவிடப் போவதில்லை. ஆள் ஏறிய எந்த விமானத்துக்கும் வழிவிட்டு விலக வேண்டியது உங்கள் மகன்தான். மருத்துவ ஹெலிகாப்டர்கள் எதிர்பாராத திசையிலிருந்து தாழ்வாக வரும். ஓசை கேட்ட மாத்திரத்தில், எங்கே என்று தேடிக்கொண்டிராமல் ட்ரோனைக் கீழே இறக்கப் பழக்கிவிடுங்கள்.


தராசுமுள் எழுதுகிறார்:

உயரமானி எழுதியவற்றோடு எடை பற்றி ஒன்று சேர்க்கிறேன், ஏனென்றால் குழந்தைகளுக்கு வாங்கித்தரும் பலர் இதில் அறியாமலே தவறிவிடுகிறார்கள். பெட்டியில் அச்சிட்ட 249 கிராம் என்பது அதனுடன் வந்த சாதாரண பேட்டரியோடு சேர்ந்த எடை. விதி பார்ப்பதோ, மேலெழும்பும்போது ட்ரோனும் அதில் மாட்டியிருக்கும் அனைத்தும் சேர்ந்த எடையை. என் மகளுக்காக வாங்கிய ட்ரோனில் விரல் பட்டுவிடக் கூடாதே என்று நான்கு விசிறிகளையும் சுற்றிக் காப்பு வளையம் மாட்டிவிட்டுச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்; முள் 300ஐத் தாண்டி நின்றது. அதிக நேரம் தாங்கும் பெரிய பேட்டரியைப் போட்டாலும் இதே கதைதான்.

250 கிராமைத் தாண்டினால் எஃப்.ஏ.ஏ.வின் ட்ரோன்சோன் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். கட்டணம் 5 டாலர், மூன்று ஆண்டுகள் செல்லும், பொழுதுபோக்குக்கான உங்கள் ட்ரோன்கள் அனைத்துக்கும் அந்த ஒரே எண் போதும். பதிவு செய்பவருக்கு 13 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் உங்கள் மகன் தன் பெயரிலேயே செய்யலாம். எண்ணை ட்ரோனின் வெளிப்புறத்தில் தெரியும்படி எழுத வேண்டும். பேட்டரி அறைக்குள் ஒட்டி வைக்கும் வழக்கம் 2019 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. பதிவு செய்ய வேண்டிய ட்ரோன் எதுவானாலும், எஃப்.ஏ.ஏ. ஒப்புதல் பெற்ற சிறப்புத் திடல்களைத் தவிர மற்ற இடங்களில், தன் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் ஒலிபரப்பும் ரிமோட் ஐடி வசதியோடுதான் பறக்க வேண்டும்.

எடை எதுவாக இருந்தாலும் டிரஸ்ட் என்ற இணையத் தேர்வை எழுதிச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். இலவசம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், தவறான விடை அளித்தால் ஏன் தவறு என்று விளக்கி மீண்டும் கேட்கும் என்பதால் தோல்வி என்பது கிடையாது. தேர்வு நடத்தும் நிறுவனம் உங்கள் சான்றிதழைச் சேமித்து வைக்காது, தொலைத்தால் மறுபடியும் எழுத வேண்டியதுதான். ஆகவே வந்தவுடன் படியெடுத்து வையுங்கள். மகனோடு நீங்களும் எழுதிவிடுங்கள், சகோதரி. அருகில் நிற்கும் பெரியவருக்கும் விதி தெரிந்திருப்பது நல்லது.


பொட்டோமாக்கரை எழுதுகிறார்:

நான் வடக்கு வர்ஜினியாவில் வசிக்கிறேன். வாஷிங்டனின் ரீகன் விமான நிலையத்தை மையமாக வைத்து 30 மைல் ஆரத்துக்குள் தனி விதிகள் உள்ள பகுதியில் இருப்பதால், இந்த அனுமதி விவகாரம் எங்களுக்கு அன்றாடப் பேச்சு. உள்வட்டமான 15 மைலுக்குள் தனிப்பட்ட சிறப்பு அனுமதியின்றி ட்ரோனையே எடுக்க முடியாது. விடுமுறையில் தலைநகரைப் பார்க்க வருபவர்கள் தயவுசெய்து ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

முல்லைக்கொடி அவர்களே, உங்கள் ஊர் இந்த வட்டத்துக்கு வெளியே இருந்தால் இது பொருந்தாது. ஆனால் எல்லா ஊருக்கும் பொருந்துவது டி.எஃப்.ஆர். எனப்படும் தற்காலிகப் பறப்புத் தடை. நேற்று பெற்ற லான்ஸ் ஒப்புதல் உங்கள் கைப்பேசியில் இருக்கலாம். இன்று காலை அந்த இடத்துக்குத் தடை அறிவித்திருந்தால் அந்த ஒப்புதலைக் காட்டிப் பறக்கவிட முடியாது. குடியரசுத் தலைவரின் பயணம், காட்டுத்தீ, பெரிய விளையாட்டுப் போட்டி எல்லாவற்றுக்கும் தடை வரும். 30,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அரங்கில் தேசியக் கால்பந்து லீக், முதன்மை பேஸ்பால் போட்டி போன்றவை நடக்கும்போது, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம்வரை, சுற்றிலும் மூன்று கடல்மைலுக்குத் தடை. கிளம்பும் முன், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் பி4யூஃப்ளை வசதியுள்ள செயலியில் பாருங்கள். திடலுக்குப் போய்ச் சேர்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2017 செப்டம்பர் 21 அன்று நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுக்கு அருகே, பொழுதுபோக்குக்காக ஒருவர் பறக்கவிட்ட ட்ரோன் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில் மோதியது. ஐ.நா. பொதுச்சபைக் கூட்டத்தையொட்டித் தடை இருந்தது அவருக்குத் தெரியவில்லை. ட்ரோன் ஏறக்குறைய இரண்டரை மைல் தொலைவில் அவர் கண்ணுக்கே தெரியாமல் பறந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயை அணைத்துக்கொண்டிருந்த, கியூபெக்கிலிருந்து வந்த தண்ணீர் விமானத்தின் இறக்கையை ஒரு ட்ரோன் துளைத்தது. ஊரே எரிந்துகொண்டிருந்த வேளையில் அந்த விமானம் பழுதுபார்ப்புக்காகத் தரையில் நின்றது. அங்கும் தடை நடப்பில் இருந்தது. அங்கும் ட்ரோன் இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் போய்ப் பார்வையிலிருந்து மறைந்திருந்தது. இரண்டு நிகழ்ச்சியிலும் கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. இப்போது விதிமீறல் ஒவ்வொன்றுக்கும் 75,000 டாலர்வரை அபராதம் விதிக்க எஃப்.ஏ.ஏ.வுக்கு அதிகாரம் இருக்கிறது.

வான்வெளி அனுமதி நிலத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் மறக்க வேண்டாம். பூங்காவுக்குள் ட்ரோனை ஏற்றி இறக்கக் கூடாது என்று நகராட்சி விதி வைத்திருக்கலாம்; நுழைவாயிலில் உள்ள பலகையைப் படித்துவிடுங்கள், இல்லையென்றால் பூங்கா அலுவலகத்தில் கேளுங்கள். தேசியப் பூங்காக்களில் 2014 முதலே ஏற்றவும் இறக்கவும் தடை உள்ளது.


முல்லைக்கொடி எழுதுகிறார்:

இவ்வளவு பொறுமையாக விளக்கிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் மகனும் டிரஸ்ட் தேர்வை எழுதிவிட்டோம். தராசிலும் வைத்துப் பார்த்தோம். காப்பு வளையம் இல்லாமல் 249 என்றே காட்டியது. வளையத்தோடுதான் பறக்கவிடுவது என்று முடிவெடுத்து 5 டாலர் கட்டிப் பதிவும் செய்துவிட்டோம். ட்ரோனில் ரிமோட் ஐடி இருப்பதையும் உறுதி செய்துகொண்டோம்.

இன்னொரு சந்தேகம். அடுத்த மாதம் எங்கள் தமிழ்ப் பள்ளியின் விளையாட்டு விழா அதே பூங்காவில் நடக்கவிருக்கிறது. மகனை மேலிருந்து படம் எடுத்துத் தரும்படி பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பள்ளியின் இணையதளத்தில் போடுவதற்குத்தான். பணம் எதுவும் வாங்கப் போவதில்லை. லான்ஸ் அனுமதி பெற்றுக்கொண்டால் இதைச் செய்யலாம்தானே?


உயரமானி எழுதுகிறார்:

செய்யக் கூடாது, சகோதரி. பணம் வாங்குவதும் வாங்காததும் இங்கே அளவுகோல் அல்ல. அந்தப் பறப்பின் நோக்கம் உங்கள் மகனின் சொந்த மகிழ்ச்சியா, அல்லது வேறொருவருக்கு ஒரு வேலையை முடித்துக் கொடுப்பதா என்பதுதான் கேள்வி. பள்ளியின் இணையதளத்துக்காகப் படமெடுத்துக் கொடுப்பது, நண்பரின் வீட்டுக் கூரையில் ஓடு பெயர்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது, தொண்டு அமைப்புக்கு உதவுவது ஆகிய எதுவும் பொழுதுபோக்காகாது. லான்ஸ் விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்று குறித்துவிட்டு இதைச் செய்தால், அந்த அனுமதியே அந்தப் பறப்புக்கு உரியதல்ல என்று ஆகிவிடும்.

இதற்குப் பகுதி 107 உரிமம் வேண்டும். 16 வயது நிரம்பியவர்களுக்குத்தான் கிடைக்கும். தேர்வு மையத்துக்கு நேரில் போய் 60 கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும், 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி, கட்டணம் 175 டாலர். உங்கள் பள்ளிப் பெற்றோர்களில் யாரிடமாவது இந்த உரிமம் இருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். அப்படி ஒருவர் கிடைத்தாலும் மைதானத்தில் ஓடும் குழந்தைகளின் தலைக்கு மேல் பறக்கவிடாமல், ஓரமாக நின்று சாய்வாக எடுக்கச் சொல்லுங்கள். மக்களுக்கு மேல் பறப்பதற்கு அந்த உரிமத்திலும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு.

மகன் மனம் வருந்துவான் என்பது தெரியும். அந்த உரிமம் உள்ளவரின் அருகில் நின்று வானத்தைக் கண்காணிக்கும் பார்வையாளராக அவன் இருக்கலாம். அது கௌரவத்துக்குக் கொடுக்கும் பெயரல்ல. ட்ரோனைப் பார்த்துக்கொண்டே சுற்றிலும் காதுகொடுத்து, ஹெலிகாப்டர் வருகிறது என்று முதலில் சொல்பவர் அவர்தான்.


முல்லைக்கொடி எழுதுகிறார்:

பள்ளிக்கு விவரம் சொல்லிவிட்டேன், புரிந்துகொண்டார்கள். ஒரு மாணவரின் தந்தையிடம் உரிமம் இருக்கிறதாம். மகனை உடன் வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நகராட்சியில் கேட்டபோது, பந்து மைதானத்தில் ஆட்டம் நடக்காத நேரத்தில் ஏற்றி இறக்கத் தடையில்லை என்றார்கள். சனிக்கிழமை காலை 9 மணி முதல் 10 மணிவரை 100 அடிக்கு விண்ணப்பித்தோம்; தேநீர்க் கோப்பையைக் கீழே வைப்பதற்குள் ஒப்புதல் குறுஞ்செய்தி வந்துவிட்டது. திடலில் தடை அறிவிப்பு எதுவும் இல்லையென்று மறுபடியும் பார்த்தோம். உச்ச உயரம் 30, திரும்பும் உயரம் 25 என்று அவன் உரக்கப் படித்தான். பன்னிரண்டு நிமிடம் பறந்தது. இடையில் தெற்கிலிருந்து ஒரு ஹெலிகாப்டரின் ஓசை கேட்டது. நான் தலையைத் திருப்பித் தேடுவதற்குள் அவன் ட்ரோனைப் புல்லில் இறக்கிவிட்டான்.